இறைச்சிக் குலுக்கலில் இரண்டாம் குரல்

டோரீன் ஹகாலாவின் குரலுக்கு நான் தொண்ணூறு டாலர் விலை போட்டேன். பழைய சரக்கு, உத்தரவாதம் கிடையாது, விற்றதைத் திருப்பி வாங்குவதில்லை. அவள் புருஷன் லைல் ஒரு வார்த்தை பேரம் பேசாமல் நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தான். அதோடு அவன்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. அறுபத்தைந்து வரை இறங்கியிருப்பேன்.

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது உப்பை நகர்த்தச் சொன்னால், பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன நகரும் என்று கேட்பார்கள். அப்பா சுரங்கத்துக்காரர்களுக்குப் பூட்ஸ் விற்றார். நான் அவர்களுடைய பிள்ளைகள் கழித்துக்கட்டுவதை வாங்கி அவர்களுடைய மைத்துனன்களுக்கு விற்கிறேன். மினசோட்டாவின் இரும்புச் சுரங்க மலைத்தொடரில், தாது ஆலை ஆள் குறைக்கும் வருஷம்தான் எனக்கு நல்ல வருஷம். இந்த அக்டோபரில் முன்னூறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நவம்பர் பாதிக்குள் என் கடையில் ஒன்பது பனிவண்டி, பதினான்கு வேட்டைத் துப்பாக்கி, ஒரு கல்யாண கவுன். லைலும் அந்த முன்னூறில் ஒருத்தன். அவன் மட்டும் விற்க வரவில்லை, வாங்க வந்தான்.

அவனும் டோரீனும் பத்தொன்பது வருஷமாக ஜோடியாகப் பாடுகிறவர்கள். சொந்தப் பாட்டு ஒன்றும் கிடையாது. ரேடியோவில் எல்லாரும் கேட்ட பாட்டை எல்லாரும் கேட்ட மாதிரியே பாடுவார்கள். அவள் மேலே மெட்டைப் பாடுவாள், அவன் கிதாரை அடித்துக்கொண்டு அடியில், மெட்டோடு ஒத்துப்போகிற வேறு சுரங்களில், இரண்டாம் குரல் போடுவான். கல்யாணம், ஓய்வுபெறும் விருந்து, எல்லாவற்றுக்கும் மேலே பழைய படைவீரர் மன்றத்தில் சனிக்கிழமை மூன்று மணி இறைச்சிக் குலுக்கல். ஒரு டாலருக்கு ஒரு சீட்டு. சக்கரம் எந்த எண்ணில் நிற்கிறதோ அந்தச் சீட்டுக்காரனுக்கு ஒரு தட்டு பன்றிக்கறி. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக மூன்று பாட்டு. எங்கள் ஊரில் சங்கீதத்துக்கு இருக்கிற ஒரே உபயோகம் அது.

அக்டோபரில் ஒரு கல்யாணம் முடிந்து வண்டியில் திரும்பும்போது டோரீன் தொண்டை வலிக்கிறது என்றாளாம். லைல் அன்றைக்குத்தான் வேலை போன கடிதம் வாங்கியிருந்தான். "மெட்டை எவன் வேணும்னாலும் பாடுவான். ரெண்டாங்குரல்தான் வேலை" என்று சொல்லியிருக்கிறான். அவள் "அப்போ நீயே பாடிக்கோ" என்றாள். அவ்வளவுதான். வீட்டை விட்டுப் போகவில்லை. அதே கட்டில், அதே பன்றிக்கறி வறுவல், அதே சவுனா நீராவிக் குளியல். பாட்டு மட்டும் இல்லை. பாத்திரம் கழுவும்போதுகூட வாயைத் திறப்பதில்லை.

மன்றத்தை நடத்துகிற கோர்டி ஸாலர் சங்கதி கேள்விப்பட்டு லைலைக் கூப்பிட்டான். கோர்டிக்குப் பாட்டு என்றாலே ஆகாது. குலுக்கல் நடுவில் யாராவது சிரித்தால்கூட அவனுக்குப் பொறுக்காது.

"ஆள் ஒண்ணுன்னா காசும் பாதி. எழுபத்தஞ்சு. தேங்க்ஸ்கிவிங் தாண்டி வர்ற சனிக்கிழமை தனியா பாடு. ஜனம் உக்காந்துச்சுன்னா ஏப்ரல் வரைக்கும் சனிக்கிழமை உனக்கு. எந்திரிச்சுச்சுன்னா மூலையில காசு போட்டா பாடுற ஜூக்பாக்ஸ் வச்சுருவேன். அது பீர் கேக்காது."

ஆலை ஏப்ரலில் திரும்பக் கூப்பிடுவதாகப் பேச்சு. அதுவரைக்கும் லைலின் குளிர்காலம் முழுக்க அந்த ஒரு மத்தியானத்தில் தொங்கியது.

முதலில் என்னிடம் ஒரு ஒலிபெருக்கி வாங்கினான். பன்னிரண்டு நாள் இருக்கும்போது அதைக் கொண்டுபோய் அவன் கராஜில் இறக்கினேன். மைனஸ் பதினைந்து. பனி தள்ளும் எந்திரத்துக்கும் தோலுரிக்கத் தொங்கவிட்ட மானுக்கும் நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தான். லாரி ஓட்டுநர் மழையில் அழுகிற பாட்டு. வார்த்தை ஒவ்வொன்றும் சரி, கிதார் சரி, தாளம் சரி. ஆனால் எனக்கு அது என்ன பாட்டு என்றே தெரியவில்லை. நாற்பது வருஷமாக மாதம் இரண்டு தடவை கேட்கிற பாட்டு.

"எப்படி?" என்றான்.

"மானுக்குப் பிடிச்சிருக்கு."

"மைக்குல ஏதோ கோளாறு. கேக்கும்போது மொட்டையா இருக்கு."

"நல்ல மைக் ஒண்ணு கடையில இருக்கு. நாப்பது டாலர்."

சமையலறையில் டோரீன் வால்நட் ரொட்டிக்கு மாவு இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வழியில் ஸ்லோவேனியக்காரி. தேங்க்ஸ்கிவிங்குக்கு இருபத்திரண்டு ரொட்டி ஆர்டர். மேஜை முழுக்கப் பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் மாவு. மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து, புறங்கையை அடியில் கொடுத்து, கிழியாமல் வெளிப்பக்கமாக இழுப்பாள். துணியின் பூ மாவுக்கு மேலே தெரிந்தால்தான் அடுத்த வேலை. கராஜிலிருந்து லைலின் பாட்டு சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

"டோரீன், அவன் என்ன பாடுறான்?"

"உனக்கே தெரியலையா? நீயெல்லாம் வியாபாரி."

கொஞ்சம் நின்று கேட்டேன். பிறகுதான் பிடிபட்டது. பத்தொன்பது வருஷம் பாடின இரண்டாம் குரலையே பாடிக்கொண்டிருந்தான். மேலே மெட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. தூணும் விட்டமும் போட்டு வைத்திருக்கிறான், கூரை இல்லை. அது அவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவன் காதுக்குள் அவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு வாரமா."

"சொல்லலாம்ல?"

"கேட்டான்னா சொல்வேன்." மாவின் ஓரத்தில் தடித்திருந்த இடத்தைக் கிள்ளி எறிந்தாள். "மெட்டை எவன் வேணும்னாலும் பாடுவான்னு சொன்னவன்தானே. அந்த எவன் வர்ற வரைக்கும் காத்திருக்கட்டும்."

"உனக்கும் அந்த எழுபத்தஞ்சு டாலர் வேணும் டோரீன்."

"அதுக்குத்தான் ரொட்டி இழுக்குறேன். காத்து வருது, கதவைச் சாத்திட்டுப் போ."

மைக் வாங்கின நாலாம் நாள் கடைக்கு வந்தான். தன் பாட்டைப் போனில் பதிந்து கேட்டிருக்கிறான்.

"நேட், கிதார் சுருதியை ஏத்திப் பாத்துட்டேன், இறக்கிப் பாத்துட்டேன். கராஜ்ல ஹீட்டர் வச்சுப் பாத்துட்டேன். ஏதோ ஒண்ணு காணாமப் போயிருக்கு."

"உன் பொண்டாட்டி."

"வெளையாடாத."

"வெளையாடல. நீ பாடுறது ரெண்டாங்குரல்டா. மெட்டைப் பாடு."

அவன் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், முயற்சி செய்தான். என் கடை நடுவில், கல்யாண கவுனுக்கு முன்னால் நின்று, மெட்டைத் தேடிப் பிடித்து ஒரு வரி பாடினான். இரண்டாவது வரி பாதியில் வழுக்கி அடியில் விழுந்தான். மறுபடி ஏறினான், மறுபடி விழுந்தான். ஜனவரியில் எங்கள் தெருவில் பனி உறைந்து சக்கரத்தடம் பள்ளமாகிவிடும். எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி அதிலேயே இறங்கும். அப்படி. போதாததற்கு மெட்டு அவன் குரலுக்கு எட்டாத உயரம். எட்டின இடத்தில் ஆடு மாதிரி கேட்டது.

"எட்டு நாள்ல முப்பத்து நாலு பாட்டு" என்றான். "முடியாது நேட்."

"போய் அவகிட்ட கேளு."

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"கேட்டா சொல்லிக் கொடுத்துருவா."

இந்த மாதிரி முட்டாள்தனம்தான் எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாகச் சோறு போட்டிருக்கிறது. உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தேன். மூடிப்போன ஒரு தேவாலயத்திலிருந்து மொத்தச் சரக்கோடு வந்தது. நாம் பாடினால் அதே நேரத்தில் நம் குரலுக்கு மேலேயோ கீழேயோ இன்னொரு குரலைச் சேர்த்துத் தரும். பாடகர் குழுவில் ஆளில்லாமல் போன பாதிரியார் வாங்கியது போல. குமிழை 'மேலே' என்ற பக்கம் திருப்பி, மைக்கை மாட்டி, "உன் இரண்டாம் குரலையே பாடு" என்றேன்.

லைல் பாடினான். பெட்டி மேலே பாடியது. அது டோரீனின் மெட்டு.

நடுவில் நிறுத்திவிட்டுப் பெட்டியையே பார்த்தான்.

"இது... டோரீன் மாதிரி இருக்கு."

"ஜலதோஷம் பிடிச்ச டோரீன். தொண்ணூறு டாலர்."

அப்போதுதான் அவன் பேரம் பேசாமல் நோட்டை எடுத்து வைத்தது.

சனிக்கிழமை காலையிலிருந்தே பனி. மன்றத்தில் ஈரக் கோட்டு நாற்றம், கோழி ஈரல் பொரிக்கும் எண்ணெய், மான் வேட்டையில் ஒன்றும் கிடைக்காதவர்களின் பெருமூச்சு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக டோரீன் மேடைக்கு எதிர்ப்பக்கம், முன்மேஜையில் உட்கார்ந்தாள். கையில் ஒரு கொத்துச் சீட்டு. மேடையில் பாடுகிறவர்கள் குலுக்கலில் சீட்டு வாங்கக் கூடாது என்பது கோர்டியின் சட்டம்.

"பாட்டுக் கேக்கவா வந்தே?" என்றேன்.

"பன்றித்தொடை ஜெயிக்க வந்தேன். பத்தொன்பது வருஷமா எல்லாரும் தூக்கிட்டுப் போறதை மேல நின்னு பாத்திருக்கேன்." மேஜையில் ஒரு பென்சில் வைத்திருந்தாள். சீட்டில் எண் எழுத என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிச் சுற்றுப் பரிசு மேடை ஓரத்தில் வலைப்பையில் தொங்கியது. புகைபோட்ட பன்றித்தொடை, பதினோரு பவுண்டு. முப்பத்து மூன்று பாட்டுக்கும் ஜனங்கள் அதைத்தான் பார்த்தார்கள், லைலை அல்ல.

முதல் பாட்டு. லைல் அடியில், பெட்டி மேலே. பின்வரிசையில் காது மந்தமான எல்மர் நீமி எழுந்து நின்று சுற்றிப் பார்த்தான்.

"டோரீன் எங்கேர்ந்து பாடுறா?"

"இதோ இங்க உக்காந்து ஈரல் தின்னுட்டிருக்கா" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"வாயை மூடிக்கிட்டா பாடுறா?"

"பெட்டி பாடுதுடா கிழவா. உக்காரு."

"அப்படியா. வித்தியாசமே தெரியல."

எல்லாரும் சிரித்தார்கள், கைகூடத் தட்டினார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு இதுதான் மதிப்பு. டோரீன் ஒரு ஈரலை எடுத்து மிளகுச் சாஸில் முக்கி, நிதானமாக மென்றாள். பென்சிலை எடுத்து ஒரு சீட்டின் பின்புறம் ஒரு கோடு போட்டாள்.

நாலாவது பாட்டில்தான் பெட்டியின் குணம் தெரிந்தது. சில பாட்டுகளில் மெட்டு மேலே ஏறும்போது இரண்டாம் குரல் கூட ஏறாது. ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வரி வந்தது. லைல் நின்றான். அவன் நின்றால் பெட்டியும் நிற்கும், அதற்கு வேறு என்ன தெரியும். ஏற வேண்டிய மெட்டு ஏறாமல் நடுவழியில் படுத்துக்கொண்டது. கூட்டம் மொத்தமும் பல்வலி வந்த மாதிரி முகத்தைச் சுளித்தது. இரண்டு பேர் கோட்டைத் தேடினார்கள். கல்லாவிலிருந்து கோர்டி நிமிர்ந்து, ஜூக்பாக்ஸ் வைக்க வேண்டிய மூலையைப் பார்த்தான்.

டோரீன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கன்னத்தில் ஈரலை ஒதுக்கிக்கொண்டு, காணாமல்போன அந்த வரியை மட்டும் பாடினாள். மேலே ஏறி, பெட்டி திரும்பச் சரியாகிற இடம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி ஈரலை மென்றாள். லைலும் தலை தூக்கவில்லை. கோட்டைத் தேடினவர்கள் உட்கார்ந்தார்கள். அவள் இன்னொரு சீட்டில் ஒரு கோடு போட்டாள்.

அப்படியே போயிற்று மத்தியானம். பெட்டி சரியாகப் பாடினால் வாயைத் திறக்கமாட்டாள். பெட்டி படுத்தால் ஒரு வரி, சில சமயம் அரை வரி. தயவு ஒன்றும் தெரியவில்லை அதில். வழியில் கிடக்கிற பெருக்குமாற்றைக் காலால் ஓரம் தள்ளுகிற மாதிரிதான் பாடினாள்.

முப்பத்து மூன்றாவது பாட்டு, அடுத்து பன்றித்தொடை. ஆறு மணிக்கு ஹாக்கி ஆட்டம். கோர்டிக்கு அவசரம். பாட்டு முடியும்வரை சக்கரத்தைத் தொடக் கூடாது என்பதும் அவன் சட்டம்தான். ஆனாலும் கடைசி வரி வரும்போதே சுற்றிவிட்டான். அந்தப் பாட்டின் கடைசி வரி நீளம். அடியில் லைல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான், மேலே மெட்டு மூன்று படி ஏறி அங்கேயே நிற்கும். பெட்டி படுத்தது. டோரீன் ஏறினாள்.

"இருபத்தேழு!" என்றான் கோர்டி.

அவள் முன்னால் விரித்து வைத்திருந்த சீட்டுகளில் நடுச்சீட்டு இருபத்தேழு. எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. பக்கத்திலிருந்தவள் அவள் தோளை இடித்தாள். கூப்பிட்டால் "இங்கே" என்று வாயால் சொல்ல வேண்டும், கை தூக்கினால் செல்லாது. முன்னொரு தடவை தலை சொறிந்தவனுக்கு வான்கோழி போய்விட்டதால் வந்த சட்டம்.

"இருபத்தேழு, ரெண்டாந்தரம்!"

லைல் இப்போது தலை தூக்கி அவளைப் பார்த்தான். அவன் விட்டிருக்கலாம். அடியில் அவன் விட்டால் மேலே அவளும் விடலாம். அந்த மடையன் விடவில்லை. பாட்டு நீளம் அவ்வளவு, அவன் அதைப் பத்தொன்பது வருஷமாக அவ்வளவுதான் பிடிக்கிறான். அவளும் விடவில்லை.

"மூணாந்தரம். ஆளில்லை!" சக்கரம் மறுபடி சுற்றியது. பன்றித்தொடை எல்மர் நீமிக்குப் போயிற்று. அவனுக்குப் பல்லே கிடையாது.

எங்கள் மன்றத்தில் பிரசவவலி வந்தவள்கூட சீட்டைப் பக்கத்தில் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பதினோரு பவுண்டை ஒருத்தி ஒரு சுரத்துக்காக விட்டதை அன்றுதான் பார்த்தோம். யாரும் கை தட்டவில்லை. கொஞ்சம் அசிங்கமான காரியத்தைப் பார்த்துவிட்ட மாதிரி எல்லாரும் பீரைப் பார்த்துக்கொண்டார்கள். லைல் வழியனுப்பும் பாட்டைப் பாடி முடித்தான். அதில் பெட்டி பிழை செய்யவில்லை.

கோர்டி எழுபத்தைந்தை எண்ணிக் கொடுத்தான். "உக்காந்துச்சு ஜனம். ஏப்ரல் வரைக்கும் ஒரு ஆள் கூலி, ஒரு ஆள் மேடை. யாருங்கிறது எனக்கு முக்கியமில்லை."

திங்கட்கிழமை கடை திறந்ததும் டோரீன் வந்தாள். கையில் பெட்டி, மற்றொரு கையில் ரப்பர் போட்டுக் கட்டின சீட்டுக் கொத்து. திருப்பித் தர வந்திருக்கிறாள் என்று உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டேன்.

"வித்ததைத் திருப்பி வாங்குறதில்லை டோரீன்."

"யாரு தர்றேன்னா? இதைக் கீழ பாட வைக்க முடியுமா?"

குமிழை மறுபக்கம் திருப்பிக் காட்டினேன். கோட்டைக் கழற்றாமல், மைக்கைப் பிடித்து, லாரி ஓட்டுநர் பாட்டைப் பாடினாள். பெட்டி அடியில் லைல் மாதிரி பாடியது. கூட்டம் மெல்லுகிற சத்தம் இல்லாமல் அவள் பாடிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. என்ன விலை சொல்வது என்று உடனே தெரியவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

அடுத்து, சனிக்கிழமை பெட்டி படுத்த அந்த நாலாவது பாட்டு. மெட்டு ஏறுகிற இடத்தில் பெட்டியும் கூடவே தத்தித் தத்தி ஏறியது.

"இங்க அவன் ஏற மாட்டான்" என்றாள். "நிப்பான். இது நிக்க மாட்டேங்குது."

"பெட்டிக்கு நிக்கத் தெரியாது."

"ம்." சீட்டுக் கொத்தைப் பிரித்தாள். "ஒரு சீட்டுல இருபத்தொரு கோடு, இன்னொரு சீட்டுல பதிமூணு கோடு. எண்ணிக்கோ. முப்பத்து நாலு பாட்டுல பதிமூணுல உன் பெட்டி படுத்துருச்சு. தொண்ணூறை முப்பத்து நாலால வகுத்து பதிமூணால பெருக்கு. முப்பத்து நாலு டாலர் நாப்பத்தொரு சென்ட். எடு."

"அது பழைய சரக்குன்னு சொல்லித்தான்..."

"என் குரல்னு சொல்லி வித்திருக்கே. என் குரல்ல பதிமூணு குறையுது. எடு நேட்."

எங்கள் குடும்பத்தில் விற்ற சரக்குக்குக் காசு திருப்பிக் கொடுத்த முதல் ஆள் நான். சென்ட்டையும் எண்ணி வாங்கினாள்.

"வர்ற சனிக்கிழமை நான்தான் மேடையில" என்றாள் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு. "கோர்டிகிட்ட சொல்லியாச்சு. லைல் கீழ உக்காந்து சீட்டு வாங்கட்டும். அதுக்கு அடுத்த வாரம் அவன், அப்புறம் நான்."

"அந்தப் பதிமூணு எடத்துல?"

"கீழேருந்து பாடுவான். பாடாம அவனால இருக்க முடியாது."

"ஒத்துக்கிட்டானா?"

"மெட்டும் வேலைதான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். நேத்து பூரா கராஜ்ல அந்த மானை வெட்டிக்கிட்டிருந்தான். சாயங்காலம் வந்து, 'ரெண்டுமே வேலைதான்'னான். பாதிதான். பரவாயில்ல."

என் பென்சிலை எடுத்தாள். இருபத்தேழு என்று அச்சடித்த அந்தச் சீட்டைத் திருப்பி, மேஜையில் வைத்து, எனக்கும் தெரியும்படி எழுதினாள்:

பாட்டு மொத்தம்: முப்பத்து நாலு.
பெட்டியே டோரீன் ஆனது: இருபத்தொண்ணு.
பெட்டியே லைல் ஆனது: இருபத்தொண்ணு.
டோரீன் இல்லாம ஆகாதது: பதிமூணு.
லைல் இல்லாம ஆகாதது: பதிமூணு. சரிக்குச் சரி.
பன்றித்தொடை ஒண்ணு, பதினோரு பவுண்டு: லைல் பாக்கி.